பலகையில் ஐந்து சொற்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது டீம் லீட். போன மாதம் எங்கள் ஆபீஸில் 'வேல்யூஸ் வீக்' கொண்டாடினார்கள். கம்பெனியின் ஐந்து விழுமியங்களை லிஃப்ட் கதவில், காபி மிஷின் மேல், எல்லோருடைய லேப்டாப் திரையிலும் ஒட்டிவிட்டார்கள். அதில் முதலாவது 'மனிதர்களே முதன்மை'.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் பக்கத்து டீமில் பதினான்கு பேரை ஒரே வீடியோ காலில் வேலையை விட்டு அனுப்பினார்கள். கால் மொத்தம் பதினொரு நிமிடம். அவர்களில் ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவ விடுப்பில் இருந்தவர்.

இப்போது எச்ஆரில் என்னை 'வேல்யூ சாம்பியன்' ஆக இருக்கச் சொல்கிறார்கள். மாதம் ஒரு கூட்டம் நடத்த வேண்டும், அப்ரைசலில் சேர்த்துக்கொள்வார்கள், டி-ஷர்ட் உண்டு. "வாங்கிக்கோங்க, என்ன குறைஞ்சுபோச்சு" என்கிறாள் மனைவி. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்களும் கம்பெனி வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இந்த அறிக்கைகளுக்கு நிஜமாகவே ஏதாவது அர்த்தம் உண்டா? இல்லை, வெறும் சுவர் அலங்காரமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

'சுவர் அலங்காரம்தான், டி-ஷர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் பழைய சமாசாரம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு முன் ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். தலைமையகம் வெளிநாட்டில். ஒரு புதன்கிழமை அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. கம்பெனிக்குப் புதிதாக ஐந்து விழுமியங்கள். எல்லா ஊர் ஆலைகளிலும் அந்தந்த மொழியில் பலகை வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்பு வேண்டும். நான் கதை எழுதுகிறவன் என்று எப்படியோ மேலே தெரிந்திருந்தது. வேலை என் தலையில் விழுந்தது.

இன்டெக்ரிட்டிக்கு நேர்மை, ரெஸ்பெக்டுக்கு மரியாதை. இரண்டும் சுலபம். பேஷனில் (passion) இடறினேன். ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சி ஏற்கெனவே 'மோகம்' என்று அனுப்பியிருந்தது. அதைத் தொழிற்சாலை வாசலில் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்து 'ஆர்வம்' ஆக்கினேன். அஜிலிட்டிக்குச் சுறுசுறுப்பு. மிச்சம் இருந்தது ஓனர்ஷிப். கம்பெனி வேலையைத் தன் சொந்த வேலையாக நினைத்துச் செய்ய வேண்டும் என்பது அதன் உட்பொருள். 'உடைமை' என்றால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. வியாழன் இரவு 'உரிமையுணர்வு' என்று எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மேலாளர் பார்த்தார், தலையாட்டினார். நீலத்தில் வெள்ளை எழுத்து, எட்டடிப் பலகை, டைம் ஆபீசுக்கு நேர் எதிரே. பஞ்சிங் மிஷினில் விரல் வைக்க வரிசையில் நிற்கிற எல்லோர் கண்ணிலும் படும்.

முதல் நாளே விமர்சனம் வந்துவிட்டது. அசெம்பிளி லைனில் இருந்த ஒருவர் கேட்டார், "சுறுசுறுப்புன்னா என்ன சார், லைன் ஸ்பீடை ஏத்தப்போறீங்களா?" சிரித்து மழுப்பினேன். அந்த வருடமே ஏற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, சின்னப் பையன், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டான். "உரிமைன்னு போட்டிருக்கே சார், அது பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டுமா, எங்களுக்கும் சேர்த்தா?"

அப்போது எங்கள் கேன்டீனில் இரண்டு வரிசை. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஒன்று, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று. சோறும் சாம்பாரும் ஒரே அண்டாவிலிருந்துதான் வரும். முட்டையும் தயிரும் மட்டும் முதல் வரிசையோடு நின்றுவிடும். சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கிய மாதம் சங்கத்தின் நோட்டீஸ் ஒன்று வந்தது. தலைப்பு: 'நிர்வாகமே எழுதிய மரியாதை, நிர்வாகமே எழுதிய உரிமை'. உள்ளே கேன்டீன் வரிசை, பதினைந்து நிமிடத்துக்குக் குறைந்த ஓவர்டைம் கணக்கில் வராமல் போவது, கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்குவது என்று ஒவ்வொரு குறைக்கும் எதிரே என் மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு சொல். அவ்வளவு கூர்மையான வாசகர்கள் என் எழுத்துக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு பலகை இறங்கியது. திங்கள் காலை அதே இடத்தில் புதுப் பலகை. 'உரிமையுணர்வு' போய் 'பொறுப்புணர்வு' வந்திருந்தது. எனக்குத் தனியாக ஒரு அர்ச்சனை நடந்தது, அதை விடுங்கள். ஆனால் 'மரியாதை'யை அவர்களால் எடுக்க முடியவில்லை. இருக்கும் மரியாதையை எடுத்தால் ஊரே சிரிக்கும். அடுத்த மாதம் கேன்டீனில் வரிசை ஒன்றாயிற்று, எல்லோர் தட்டிலும் முட்டை விழுந்தது. ஓவர்டைம் கணக்கு மாறவில்லை. டோக்கன் நான் வேலையை விடும்வரை இருந்தது.

இதை வைத்துத்தான் உங்கள் கேள்வியைப் பார்க்கிறேன். அந்தச் சொற்களை எழுதியவர்கள் மனதில் பெரிதாக எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கீழே நிற்கிறவர் ஒரு சொல்லைப் பிடித்து மேலே இருக்கிறவரிடம் 'இதை நீதானே எழுதினாய்' என்று கேட்டபோதுதான் அதற்கு அர்த்தம் முளைத்தது. அப்படிப் பிடிக்க வாகாக இருந்த சொல்லைத்தான் முதலில் கழற்றினார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பெரிய இடத்திலும் இதேதான் நடக்கிறது. கூகுள் பங்குச் சந்தைக்கு வந்த 2004இல் நிறுவனர்கள் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்திலேயே 'தீயது செய்யாதே' என்ற வாசகம் இருந்தது. 2018இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 'மேவன்' என்ற திட்டத்தில், ட்ரோன் எடுத்த படங்களை அலசும் வேலையில், கூகுள் ஈடுபட்டிருப்பது தெரிந்தபோது ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அந்த வாசகத்தையே சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கம்பெனி அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே வருடம்தான் நடத்தை விதித் தொகுப்பின் முகப்பிலிருந்து அந்த வாசகம் எடுக்கப்பட்டு, கடைசி வரியில் மட்டும் மிஞ்சியது. சனிக்கிழமை இரவுப் பலகை எனக்கு ஞாபகம் வந்தது. செயற்கை நுண்ணறிவை ஆயுதங்களுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2018இல் கொடுத்த உறுதிமொழியும் 2025 பிப்ரவரியில் காணாமல் போனது.

சரி, இந்த வாசகங்களைப் பற்றிக் கம்பெனிகள் தங்களுக்குள் என்ன நினைக்கின்றன? அதை அவர்கள் வாயாலேயே கேட்கக்கூடிய இடம் கோர்ட். கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் தொழில் கொள்கைகளில் முதலாவது, 'எங்கள் வாடிக்கையாளர்களின் நலன் எப்போதும் முதலில்' என்பது. 2007இல் அந்த வங்கி 'அபாகஸ்' என்ற பெயரில் வீட்டுக்கடன்களை அடிப்படையாகக் கொண்ட ஒரு முதலீட்டை விற்றது. எந்தக் கடன்களை அதற்குள் வைப்பது என்று தேர்ந்தெடுத்ததில் ஜான் பால்சனின் முதலீட்டு நிறுவனத்துக்கும் கை இருந்தது. அதே நிறுவனம் அந்த முதலீடு மூழ்கும் என்று பந்தயமும் கட்டியிருந்தது. வாங்கியவர்களிடம் இதைச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2010 ஏப்ரலில் வழக்குப் போட்டது. ஜூலையில் 55 கோடி டாலர் கட்டி கோல்ட்மேன் சமரசம் செய்துகொண்டது.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். 'வாடிக்கையாளர் நலனே முதலில் என்றெல்லாம் எழுதியது பொய், அதனால்தான் பங்கு விலை உயரத்திலேயே நின்றது, நாங்கள் ஏமாந்தோம்' என்று ஆர்கன்சா மாநில ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் முதலானோர் வழக்குத் தொடுத்தார்கள். கோல்ட்மேன் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் நேர்மையாகத்தான் நடந்தோம் என்பதோடு நிற்கவில்லை. இவையெல்லாம் மிகப் பொதுப்படையான வாசகங்கள், இவற்றால் பங்கு விலை அசையாது என்று வாதாடியது. வாசல் தோரணத்தைக் காட்டி 'அது வெறும் காகிதப் பூதானே, அதைப் பார்த்தா உள்ளே வந்தீர்கள்' என்று வீட்டுக்காரரே கேட்பது மாதிரி. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு வாசகம் எவ்வளவு பொதுப்படையானது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2021இல் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பங்குதாரர்கள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து வழக்கு நடத்தும் தகுதியை ரத்து செய்தது. வங்கி ஜெயித்தது. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் சிக்னா காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில், நெறிமுறை பற்றிய அதன் வாசகங்களை 'வெற்றுப் புகழ்ச்சிக்குப் பாடப்புத்தக உதாரணம்' என்றே எழுதியது.

ஆகவே உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிட்டத்தட்ட வந்துவிட்டது, அமெரிக்காவிலாவது.

நம் ஊர் மளிகைக் கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு அட்டை தொங்கும். எனக்குத் தெரிந்து உருப்படியான விழுமிய அறிக்கை அதுதான். அதைப் படித்ததும் உங்களுக்கு என்ன கிடைக்காது என்று தெரிந்துவிடும். அதனால் கடைக்காரருக்கும் நஷ்டம் உண்டு. மாதக் கடைசியில் பாதிப் பேர் பற்று நோட்டுப் போடும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். 'நேர்மையே எங்கள் மூச்சு' என்பதில் இது இல்லை. அதற்கு எதிர்ப்பதத்தை எந்தக் கடைக்காரரும் எழுதப்போவதில்லை. யாருக்கும் எதையும் மறுக்காத வாசகம் அது. (அண்ணாச்சி தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுக்கத்தான் செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அட்டை இருப்பதால் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு கொடுப்பார், நாமும் கூச்சப்பட்டுக்கொண்டு வாங்குவோம்.)

அரசு அலுவலகத்துக்கு வாருங்கள். அரசு முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' இருக்கிறது. இன்னொரு பக்கம் லஞ்சம் கேட்டால் யாரிடம் புகார் செய்யலாம் என்று லஞ்ச ஒழிப்புத் துறையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை இருக்கும். இந்த இரண்டாவது பலகை பாதி பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன். 'வாய்மையே வெல்லும்' என்பதை யாரும் பீரோ வைத்து மறைப்பதில்லை.

வங்கிகளைச் சொல்லாமல் விட்டால் குறை. 'வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி' என்று காந்தி படத்தோடு மாட்டியிருப்பார்கள். காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. 1941இல் அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனியின் விற்பனைத் துறைத் தலைவர் சொன்னதாக அச்சில் வந்திருக்கிறது. ஒரு கார் விற்பனையாளரின் பேச்சு மகாத்மாவின் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. அதன் அடியில் நின்றுகொண்டுதான் நாம் பாஸ்புக் என்ட்ரி போட 'லஞ்ச் முடிஞ்சு வாங்க' என்ற பதிலைக் கேட்கிறோம்.

தொலைபேசி எண் இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் 'விஷன் அண்ட் வேல்யூஸ்' என்று தனிப் புத்தகமே போட்டிருந்தார்கள், புகார் சொல்ல ஒரு எண்ணும் இருந்தது. ஆனால் கிளையில் வேலை பார்த்தவர்களுக்கு அன்றாடம் காதில் விழுந்தது எட்டு என்ற எண். ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, கடன் என்று எட்டு சேவைகளைக் கட்டிவிட வேண்டும். ஏன் எட்டு? ஆங்கிலத்தில் எய்ட்டும் கிரேட்டும் எதுகையில் பொருந்துகிறதாம். இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 5,300 ஊழியர்களை வங்கி வேலையை விட்டு நீக்கியிருந்தது. முதலில் 20 லட்சம் என்று மதிப்பிட்ட சந்தேகக் கணக்குகள் பிறகு 35 லட்சமாயின. புகார் எண் என்ன ஆயிற்று என்றால், முறைகேடு நடப்பதாகப் புகார் செய்த ஒரு மேலாளரை வேலையை விட்டு எடுத்தார்கள். அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்து 54 லட்சம் டாலரும் தர வேண்டும் என்று 2017இல் அரசின் தொழிலாளர் துறை உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த வங்கியின் உண்மையான விழுமியம் டார்கெட் ஷீட்டில் இருந்தது. உங்கள் கம்பெனியிலும் லிஃப்ட் கதவைப் பார்க்காதீர்கள், அப்ரைசல் படிவத்தைப் பாருங்கள். யாருக்கு ஹைக் வந்தது, யாருக்கு ஆன்சைட் கிடைத்தது என்று பாருங்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குய்சோ, சபியென்சா, சிங்காலெஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களில் 85 சதவீதம் தங்கள் பண்பாடு பற்றி இணையதளத்தில் தனிப் பக்கம் வைத்திருந்தன. நேர்மை, மரியாதை ரகச் சொற்கள் 70 சதவீதத்தில். எழுதிவைத்ததற்கும் நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதற்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஆனால் 'எங்கள் மேலதிகாரிகள் சொன்னபடி செய்பவர்கள்' என்று ஊழியர்களே சொன்ன நிறுவனங்கள் நன்றாக நடந்தன.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் மனைவி பக்கம் தீர்ப்பு எழுதியதாகிவிடும். எதிர்த்தரப்பில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, ஜான்சன் அண்ட் ஜான்சன். மேலாண்மை வகுப்புகளில் இதைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுவார்கள்.

1943இல், கம்பெனி பங்குச் சந்தைக்குப் போவதற்குச் சற்று முன்னால், தலைவர் ராபர்ட் வுட் ஜான்சன் ஒரு பக்க அறிக்கை எழுதினார். முதல் பொறுப்பு எங்கள் பொருளைப் பயன்படுத்தும் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகளுக்கு, அப்புறம் ஊழியர்களுக்கு, பிறகு ஊருக்கு, பங்குதாரர் கடைசியில். பணம் போடப்போகிறவரைப் பார்த்து 'உனக்குக் கடைசி இடம்' என்று முன்கூட்டியே சொன்ன வகையில் அது மளிகைக் கடை அட்டைக்குச் சொந்தக்காரன்தான். நியூ பிரன்ஸ்விக் தலைமையகத்தில் அதைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள்.

கல்லில் வெட்டியது என்னைப் பெரிதாகக் கவரவில்லை. 1970களின் பின்பாதியில் கம்பெனியின் உயர் அதிகாரி ஜேம்ஸ் பர்க் செய்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மேலாளர்களைக் கூட்டிவைத்து, இதன்படி நடக்கப் போகிறோமா, இல்லை சுவரிலிருந்து கழற்றிவிடலாமா என்று விவாதிக்கச் சொன்னார். உங்கள் வேல்யூஸ் வீக்கில் யாராவது 'கழற்றிவிடலாமா' என்று கேட்டார்களா? அந்தக் கேள்விக்கு இடமில்லாத கூட்டம் பஜனை மாதிரிதான்.

1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ வட்டாரத்தில் இந்தக் கம்பெனியின் வலிநிவாரணியான டைலனால் மாத்திரை சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். கடைகளில் இருந்த குப்பிகளில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். பர்க் அப்போது தலைவர். நாடு முழுவதும் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றார்கள். செலவு 10 கோடி டாலருக்கு மேல். பிரித்தால் தெரிந்துவிடும்படியான புது உறையோடு பிறகு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், மக்களும் திரும்பி வாங்கினார்கள். வகுப்பறைக் கதை இங்கே கைதட்டலோடு முடியும்.

இன்னொரு பாதி நம் வீட்டுக்குள் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் பூசுகிறோமே, அந்த டால்கம் பவுடர். அதன் மூலப்பொருளில் சில நேரங்களில் சிறு அளவில், புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டது 1971 முதலே கம்பெனிக்குள் தெரியும் என்று உள் ஆவணங்களை வைத்து 2018இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. பவுடர் பாதுகாப்பானது, புற்றுநோய் வராது என்று கம்பெனி இன்றுவரை மறுக்கிறது. 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடரை நிறுத்தியது, 2023இல் உலகம் முழுவதும். இடையில் 2021இல் ஒரு வேலை செய்தார்கள். புதிதாக ஒரு துணை நிறுவனத்தை உருவாக்கி, பவுடர் வழக்குகளின் சுமையை எல்லாம் அதன் தலையில் ஏற்றி, அதைத் திவாலாக அறிவிக்கக் கோர்ட்டுக்குப் போனார்கள். அதற்கு அப்படி ஒன்றும் பண நெருக்கடி இல்லை என்று 2023 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கல்லில் எழுத்து அப்போதும் அப்படியே இருந்தது.

இரண்டு பாதிக்கும் நடுவில் என்ன மாறியது? 1982இல் விஷம் வைத்தவன் வெளியாள். பழி கம்பெனியுடையது அல்ல. அந்த நேரத்தில் நல்லவனாக இருப்பது விலை அதிகம்தான், ஆனால் வெட்கம் இல்லை. பவுடர் விஷயத்தில் கேள்வி தன் வீட்டு அடுக்களையைப் பார்த்து வந்தது. மற்றவன் செய்த தப்புக்கு 10 கோடி டாலர் செலவழிக்க முடிந்த ஒரு நிறுவனம், தன்னைப் பார்த்து ஒரு கேள்வி வந்ததும் வக்கீலைத் தேடி ஓடியது. மனிதர்களும் அப்படித்தானே என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், மறுக்க மாட்டேன்.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாராவது கடிதம் எழுதுவீர்கள். மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், உன்னதம் என்று நான்கு விழுமியங்கள், 64 பக்க நெறிமுறைப் புத்தகம், 2001 டிசம்பரில் திவால். புத்தகம் பிறகு ஈபேயில் வேடிக்கைப் பொருளாக விலை போனது. இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விவரம் வேறு. நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, என்ரானோடு வியாபாரம் செய்யும் கூட்டு நிறுவனங்களைத் தானே நடத்த விரும்பினார். நெறிமுறை விதி அதற்குக் குறுக்கே நின்றது. அதனால் 1999இல் இயக்குநர் குழு கூடி, அந்த விதியிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுத்துத் தீர்மானம் போட்டது. 'நேர்மை' என்ற சொல்லுக்கு யாரும் விலக்குக் கேட்கவில்லை பாருங்கள். அது குறுக்கே நிற்கவே இல்லை. 'இன்னார் இன்னதைச் செய்யக் கூடாது' என்று இருந்த விதிக்குத்தான் விலக்குத் தேவைப்பட்டது. விலக்கின் தடம் காகிதத்தில் இருந்ததால் பிறகு விசாரித்தவர்களால் பிடிக்கவும் முடிந்தது.

நம் பக்கத்து உதாரணத்துக்கு ஹைதராபாத் போதும். அங்கிருந்த மென்பொருள் நிறுவனத்தின் பெயரே சத்யம். 2008 செப்டம்பரில் சிறந்த நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். புலிமேல் ஏறியவன் இறங்கத் தெரியாமல் தவித்த கதை என்றும் எழுதினார். அந்த ஒரு உவமையில் இருந்த சத்தியம் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கைகளில் இல்லை. விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் சங்கதிக்கு வருகிறேன். வேல்யூ சாம்பியனாக ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொள்வதற்கு முன் எச்ஆரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 'மனிதர்களே முதன்மை' என்பதற்குக் கீழே இந்தக் கம்பெனி எதைச் செய்யாது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? மருத்துவ விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று இருக்கலாம். அது பெரிது என்றால், யாரை அனுப்பினாலும் அவருடைய மேலாளர் தனியாக உட்கார்ந்து நேரில் பேசித்தான் அனுப்புவார் என்றாவது இருக்கலாம். பணம் அதிகம் ஆகாத வரி அது. அதை எழுத ஒப்புக்கொண்டால் சாம்பியனாக இருங்கள், முதல் கூட்டத்தில் அந்த வரியைப் பெரிதாக வாசித்துக் காட்டுங்கள். 'அது நம்ம ஸ்கோப்பில் வராது' என்றால் உங்கள் கேள்விக்கு என்னைவிட அவர்கள் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்கள். கேட்டதற்காக உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு விழவும் கூடும். ஈஎம்ஐ இருந்தால் யோசித்துக் கேளுங்கள். நான் ஒரகடத்தில் வீரம் காட்டியவன் இல்லை, 'பொறுப்புணர்வு' என்று புதுப் பலகைக்கு எழுதிக்கொடுத்ததும் நான்தான்.

அப்புறம், அந்த மருத்துவ விடுப்பு நண்பரோடு உங்கள் தளத்திலிருந்து யாராவது பேசினீர்களா? கடிதத்தில் இல்லை, அதனால் கேட்கிறேன்.

டி-ஷர்ட் எப்படியும் வரும். ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்தது இரண்டாவது துவைப்பிலேயே சுருங்கிவிட்டது.

அன்புடன்.